டிபன் டப்பா மூடியில் பச்சைப் பறவை

என்னிடம் இருக்கும் ஒரு புகைப்படத்தின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ’94 5 15 என்று அச்சாகியிருக்கிறது. படத்திலேயே தேதி விழும் கேமராக்கள் அப்போது புதிது. நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஆரஞ்சு எண்கள் ஞாபகம் இருக்கும். பாதி வீடுகளில் அவை தப்பாகவே இருந்தன என்பதும் ஞாபகம் இருக்கும். 1994 மே 15 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாட்காட்டியில் பார்த்துக்கொண்டேன். படத்தில் என் சித்தி ஆபீஸுக்குக் கிளம்பி நிற்கிறாள். தோளில் கைப்பை, கையில் டிபன் டப்பா, கண்ணில் வெயில். அவள் வேலை பார்த்த சீட்டு கம்பெனி ஞாயிற்றுக்கிழமை திறந்ததே இல்லை.

ஆகவே தேதி தப்பு. முன்னால் தப்பா பின்னால் தப்பா என்பதில்தான் நான் பல வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். படம் மே 9, திங்கட்கிழமைக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா? அந்தத் திங்கட்கிழமைதான் சித்தி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். அவள் வாழ்க்கையைக் கெடுத்தது தான்தான் என்று அப்பா கடைசிவரை நம்பினார். அது உண்மையா என்பது இந்த ஒரு தேதியில் இருக்கிறது.

நாங்கள் பெங்களூர் ஜீவனஹள்ளியில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உறைகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் வேலையில் இருந்தார். அம்மாவின் தங்கையான சித்தி கல்யாணத்துக்கு முன் எங்களோடு இருந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது. இதற்குமேல் வீட்டில் ஆள் கிடையாது. ஆனால் விமானங்கள் இருந்தன.

டிராவல் ஏஜென்சிகளின் மேஜையில் வைப்பார்களே, தாங்கியில் மூக்கைத் தூக்கி நிற்கும் பொம்மை விமானம், அவைதான். தனியார் விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். ஒருவர் அட்டைப்பெட்டி நிறைய ஃபைபர் விமானங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். நாங்கள் தேய்த்து, பெயிண்ட் அடித்து, கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் ஒட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவரை நாங்கள் மாடல்காரர் என்போம். பூர்வீகம் கோலார் பக்கம். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். அப்பாவை ‘ஸ்வாமி’ என்பார்.

வேலை இப்படிப் பிரிந்திருந்தது. உடம்பைத் தயார் செய்வது அப்பா. ஒட்டுவது அம்மா. ஃபைபரில் ஊசி முனை அளவுக் குழிகள் இருக்கும். அவற்றில் கார் பட்டறையிலிருந்து வாங்கிய பட்டியைத் தடவி, காய்ந்ததும் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார். பிறகு சாம்பல் நிற பிரைமர், மறுபடி தேய்ப்பு, அதன்மேல் வெள்ளை, அதற்கும் மேல் கிளியர் என்னும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. ஒட்டுவதற்கு முன்னால் எதற்குப் பளபளப்பு என்று நான் கேட்டிருக்கிறேன். சொரசொரப்பின்மேல் ஒட்டினால் படத்தின் அடியில் காற்று தங்கிவிடும். தெளிவாக இருக்கவேண்டிய இடம் மங்கலாக வெளுத்துத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு ‘பால் கோத்துக்கிச்சு’ என்று பெயர். பால் கோத்துக்கொண்ட வால் திரும்பி வந்துவிடும்.

ஒட்டும் படங்களுக்கு டெகால் என்று பெயர் இருப்பதைப் பின்னால் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் அவை தண்ணி ஸ்டிக்கர். அம்மா கத்தரித்த துண்டை ஒரு தட்டு வெதுவெதுப்பான நீரில் போடுவாள். தாள் சுருண்டு, பிறகு தானாக விரியும். அப்போது எடுத்து விமானத்தின்மேல் வைத்து, தாளை மட்டும் அடியிலிருந்து உருவுவாள். படம் நழுவி இறங்கும். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள், ஏனென்று தெரியாமல் நானும் பிடித்துக்கொள்வேன். நனைந்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி நீரை வெளியேற்றுவாள். வாலின் வளைவில் படம் படியாமல் விறைத்து நின்றால் வினிகரைத் தண்ணீர் கலந்து தொட்டு வைப்பாள். அது இளகிப் படிந்துகொள்ளும். வினிகர், தெருமுனையில் கோபி மஞ்சூரியன் வண்டி வைத்திருந்தவரிடம் வாங்கியது. கிளியரின் வாடையும் வினிகரும் கலந்து வீடே ஒரு புளித்த பெயிண்ட் கடைபோல இருக்கும். இன்றும் ஏதாவது ஓட்டலில் வினிகர் பாட்டிலைத் திறந்தால் எனக்கு விமானம்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷம் மாசி வாக்கில் ஒரு புதுக் கம்பெனியின் வேலை வந்தது. பெங்களூருக்கு விரைவில் சேவை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாலில் ஒரு பச்சைப் பறவை. என்ன பறவை என்பதில் வீட்டில் ஒற்றுமை இல்லை.

“கொக்கு,” என்றாள் அம்மா.

“கொக்குக்குக் கழுத்து இவ்ளோதானா? கழுகு அது,” என்றார் அப்பா.

“பச்சைக் கழுகு எங்க மாமா பாத்தீங்க?” என்றாள் சித்தி. “அது சும்மா ஒரு டிசைனு. பறவை மாதிரி.”

சித்திக்கு அந்தப் பறவைமேல் தனி அக்கறை உண்டு. அதே கம்பெனியில் விமான நிலைய கவுண்டர் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். ஒரு ஓட்டலில் நேர்முகம் நடந்தது. தேர்வாகிவிட்டாள். ஜூனில் சேர வேண்டும், இப்போது இருக்கும் இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வருவாள். நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் வியாழக்கிழமை அங்கே போகாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

சீட்டு கம்பெனியை அவளுக்குப் பிடிக்கவில்லை. இதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அம்மா வால் ஒன்றில் பறவையை நழுவவிட்டுக்கொண்டிருந்தபோது சித்தி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

“மேனேஜர் ரூமுக்கு ஃபைல் எடுத்துட்டுப் போறதே ஒரு மாதிரி இருக்குக்கா.”

“கதவைத் தெறந்து வெச்சுட்டுப் போ.”

“அவரே எழுந்து வந்து சாத்தறாரு.”

அம்மா பஞ்சை எடுத்து ஒற்றினாள். “எல்லா ஆபீசும் அப்படித்தாண்டி. ஜூன் வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இரு.”

கதவைச் சாத்தினால் என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மின்விசிறிக் காற்று போய்விடும் என்பதற்காகச் சாத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் மாடல்காரர் வந்தார். நாங்கள் முடித்துக் கொடுத்த விமானங்கள் அதே அட்டைப்பெட்டியில் திரும்பி வந்திருந்தன. பறவைகளோடு.

“பால் கோத்துக்கிச்சா சார்?” என்று அம்மா பதறினாள்.

“இல்லம்மா, வேலை ஃபஸ்ட் கிளாஸ். எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டு மறுபடி வெள்ளை அடிச்சு ரெடியா வைங்க. புது ஸ்டிக்கர் அப்புறம் கொண்டாந்து தர்றேன்.”

“டிசைன் மாத்தறாங்களா சார்?” என்றார் அப்பா.

“ஏதோ மாத்தறாங்க ஸ்வாமி. நமக்கு ஏன் அது?”

வெயிலில் வந்த களைப்பு அவருக்கு. மோர் குடித்தார். கிளம்பும்போது அம்மா மீதமிருந்த பறவைத் தாள்களைக் கட்டி எடுத்துவந்து நீட்டினாள். மிச்சத் தாள்களை எண்ணி வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். வெளியில் போனால் யாராவது தப்பாகப் பயன்படுத்துவார்களாம். அன்று கையை ஆட்டினார்.

“பேடா பேடா. பாப்பா வெச்சு ஆடட்டும்.”

வேண்டாம், நான் வைத்து விளையாடட்டும் என்றுவிட்டார். எனக்கு ஒரு கட்டுப் பறவைகள் கிடைத்தன.

அன்று சாப்பிடும்போது அப்பா உற்சாகமாக இருந்தார். சித்தியைப் பார்த்துச் சொன்னார்:

“உன் கம்பெனி பெருசாகுதும்மா. பீன்யால நான் பாத்திருக்கேன். பெரிய ஆர்டர் வர்றதுக்கு முன்னாடிதான் பழைய பாடிய எறக்கி, மொத்தமாத் தேச்சு, பிரைமர்லேருந்து ஆரம்பிப்பாங்க. மூடப்போற கம்பெனின்னா அப்படியே துருப்பிடிக்க விட்ருவான். செத்த பொருளுக்கு எவனும் பிரைமர் அடிக்கமாட்டான்.”

இருபது வருஷம் பெயிண்ட் அடித்தவர் சொன்னது. அதில் தர்க்கம் இருந்தது. இயந்திர உறைகளைப் பொறுத்தவரை அது சரியும்கூட. பொம்மை விமானம் வேறு மாதிரி என்பதை அவர் யோசிக்கவில்லை. உறைக்குச் சொந்தக்காரன் அந்தக் கம்பெனி. விமானங்களுக்குச் சொந்தக்காரர் மாடல்காரர். ஒரு கம்பெனி போனால் அதே உடம்பில் இன்னொரு கம்பெனியை ஒட்டி விற்பார்.

“எழுதிக் குடுத்துரும்மா. கடைசி நேரத்துல அவன் ரிலீவ் பண்ணமாட்டேன்னு இழுத்தா கஷ்டம்,” என்றார்.

சித்தி “சரி மாமா” என்றாள். அம்மா ரசம் ஊற்றினாள்.

தேய்க்கும் வேலை தொடங்கியது. நனைத்த துணியைப் பறவைகள்மேல் போட்டு ஊறவைத்தோம். ஒட்டியபின் மேலேயும் ஒரு பூச்சு கிளியர் அடித்திருந்ததால் அவை உரிய மறுத்தன. எமரியால் தேய்த்தபோது பச்சை நீர் வழிந்தது. நான் இறக்கைகளைத் தேய்த்தேன். விரல் நுனித் தோல் வழுவழுப்பாகி, எதைத் தொட்டாலும் வேறொருவர் கையால் தொடுவதுபோல இருந்தது. பிரைமர் அடித்தபின் அம்மா ஒரு பழைய நைலான் புடவைத் துண்டை வாலின்மேல் இழுத்துப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத மேடு துணியில் தட்டும்.

“இங்க இன்னும் ரெக்கை இருக்கு. தேய்,” என்பாள்.

பார்த்தால் வெறும் சாம்பல். துணிக்கு மட்டும் பறவை தெரிந்தது.

எனக்குக் கிடைத்த பறவைகளை நான் கண்டதிலெல்லாம் ஒட்டினேன். ஜாமெட்ரி பாக்ஸ், அரிசி டிரம், கேஸ் சிலிண்டர், குளியலறைக் கண்ணாடி. ஒரு காலை சித்தியின் எவர்சில்வர் டிபன் டப்பா மூடியில் ஒட்டினேன். துடைக்காமல் ஒட்டியதால் கையிலிருந்த பிரைமர் தூள் அடியில் மாட்டி, பறவையின் கழுத்தருகே பால் கோத்துக்கொண்டது. சித்தி எலுமிச்சை சாதம் அடைத்துவிட்டு மூடியைத் தேடினாள்.

“அடிப்பாவி, இதுல எதுக்குடி ஒட்டின?”

“நீ அந்தக் கம்பெனிக்குத்தானே போகப்போற?”

சிரித்தாள். “மாடல்காரர் வந்து கணக்குக் கேட்டா என்னடி சொல்லுவ?”

“கேக்கமாட்டார். பேடான்னுட்டார்.”

“எல்லாத்தையுமா?”

“ஒரு கட்டு. வெளையாடிக்கச் சொல்லிட்டார்.”

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி கட்டைவிரலால் அந்தப் பால் கோத்த இடத்தைத் தேய்த்தாள். அது போகவில்லை. பிறகு டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இந்தக் காட்சி எனக்கு அவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. எந்த நாள் என்பது மட்டும் இல்லை.

மே 9 நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் “குடுத்துட்டேன் மாமா” என்றாள். மாதக் கடைசிவரை போக வேண்டும், அதோடு முடிந்தது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டினார். “இன்னிக்கே வெள்ளை அடிச்சிரலாம். நல்ல நாளு,” என்று சொல்லி, தெருக்கோடி கார் பட்டறையில் சின்ன கம்ப்ரெஸரை இரவல் வாங்கிவந்தார். மொட்டை மாடியில் இருட்டுவதற்குள் எல்லா விமானங்களும் வெள்ளையாகின. சித்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் லேசாக இருந்தது. பல மாதங்களாக நான் பார்க்காத முகம். வேலை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஜூன் வந்தது. வேலையில் சேரச் சொல்லும் கடிதம் வரவில்லை. சித்தி எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர்கள் ஆபீஸுக்கு போன் செய்வாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்று வந்து சொல்வாள். பிறகு ஒரு ஞாயிறு காலை மாடல்காரர் புதுத் தாள்களோடு வந்தார். அப்பா உறையைப் பிரித்தார். சிவப்புக் கோடு, ஊதாக் கோடு, வேறு ஏதோ பெயர்.

“பறவை எங்க சார்?”

“பறவையா? அது ஏப்ரல்லயே பறந்து போச்சே ஸ்வாமி. துட்டு போட்டவங்களுக்குள்ள தகராறு. ஆபீசைப் பூட்டிட்டுப் போயாச்சு. அதுக்குத்தானே தேய்க்கச் சொன்னேன்?”

அப்பா தாள்களைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார். சித்தி அப்போதுதான் மாடல்காரருக்குக் காபி கொண்டுவந்தாள். கேட்டிருக்க வேண்டும், மூன்றடி தூரம்தான். டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. “சக்கர சரியா இருக்கா பாருங்க சார்,” என்றாள். இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? அதிர்ச்சியிலும் சிலருக்குக் கை நடுங்காது.

சொன்ன தேதிக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் அம்மா அன்றைக்கே சிவப்புக் கோடுகளைத் தண்ணீரில் போட்டாள். ஒரு விமானத்தின் வாலில், பக்கவாட்டு வெளிச்சத்தில், கோட்டுக்குக் குறுக்கே பறவையின் இறக்கை மெல்லிய மேடாகத் தெரிந்தது. அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் அதைப் பெட்டியின் அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அப்பா மாடல் வேலை எடுக்கவில்லை.

சித்தி இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். சீட்டு கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா தானே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவர்கள் சம்மதித்தார்கள். சித்தி மறுத்துவிட்டாள். “ரோஷம்,” என்றார் அப்பா. பிறகு கல்யாணமாகி ஓசூர் போனாள். அங்கே சுலபமான வாழ்க்கை இல்லை. அதைப்பற்றி ஏதாவது செய்தி வரும்போதெல்லாம் அப்பா, “நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும். கவுண்டர்ல உக்காந்திருக்கவேண்டிய பொண்ணு,” என்பார். எந்தக் கவுண்டர் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 2006இல் அவர் இறந்தார். கடைசி மாதங்களில்கூட இதைச் சொன்னார்.

அவர் போனபின் ஒருநாள் அம்மா சொன்னாள். மாடல்காரர் தாள்களை வேண்டாம் என்றபோதே அவளுக்கு உறைத்துவிட்டதாம். டிசைன் மாறினால் பழைய தாளை வாங்காமல் போகமாட்டார். அதற்கு மதிப்பே இல்லாமல் போனால்தான் குழந்தைக்குக் கொடுப்பார்.

“அப்போ ஏம்மா சொல்லல?”

“உங்கப்பா அவ்வளவு உறுதியாப் பேசறாரு. நான் ஒரு ஸ்டிக்கர் கட்டைக் காட்டி, ‘உன் கம்பெனி போச்சுடி’ன்னு எப்படிச் சொல்றது? சொல்லி நடக்கலன்னா?”

“சித்திக்கும் தெரிஞ்சிருக்குமா?”

“அவளுக்கு எங்க தெரியும்? நீ டப்பால ஒட்டினது அவ எழுதிக் குடுத்தப்புறம்.”

“முன்னாடிம்மா.”

“அப்புறம்தாண்டி.”

இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. மூடியைப் பார்த்தபின் எழுதிக் கொடுத்தாள் என்றால், கம்பெனி இல்லை என்று புரிந்துகொண்டுதான் கொடுத்தாள். போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற சாக்கு அவளுக்குத் தேவைப்பட்டது. சாத்திய கதவைப்பற்றிச் சொன்னபோது அந்த வீட்டில் அது போதுமான காரணமாக இருக்கவில்லை. அப்படியானால் அப்பா யார் வாழ்க்கையையும் கெடுக்கவில்லை. கொடுத்தபின்தான் பார்த்தாள் என்றால், மொட்டை மாடியில் நான் கண்ட முகம் வேலை கிடைத்த சந்தோஷம்தான், அப்பா நம்பியதும் சரி.

சித்தியிடமே கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன், போனில்.

“உங்கப்பா மேல எனக்கு என்னடி கோபம்? அவர் சொல்லாட்டியும் நான் எழுதிக் குடுத்திருப்பேன்,” என்றாள்.

“அப்போ மூடில பறவையைப் பாத்துட்டுத்தான் குடுத்தியா?”

“எந்தப் பறவை? கொக்கா?” பெரிதாகச் சிரித்தாள். “உங்கம்மா அதைக் கொக்குன்னே சாதிச்சா பாரு!” பிறகு குக்கர் கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டாள். செத்தவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காக அப்படிச் சொன்னாளா, இல்லை நடந்ததைத்தான் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்க மனம் வரவில்லை.

டிபன் டப்பா இல்லை. ஓசூரில் பழைய பாத்திரத்தோடு போட்டுப் புதுசு வாங்கியாயிற்று. மிஞ்சியிருப்பது இந்தப் படம். மாடல்காரருடைய கேமராவில் எடுத்தது. அந்த மே மாதத்தில் அவர் ஒருமுறையோ இருமுறையோ வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் போக காலையில் வந்ததுண்டு. சுருளில் ஒரு படம் மிச்சமிருக்கிறது என்று சித்தியை வாசலில் நிற்க வைத்தார். டப்பாவின் மூடி நன்றாகத் தெரிகிறது, பறவையும். சித்திக்குப் பின்னால் ஜன்னல் திண்டில் ஒரு விமானத்தின் வால் காய்ந்துகொண்டிருக்கிறது. அப்பா வெள்ளை அடித்தது அவள் எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம். ஆகவே அந்த வால் சாம்பலாக இருந்தால் படம் அதற்கு முந்தியது, பறவையும் முந்தியது. வெள்ளையாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது.

கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் பார்த்திருக்கிறேன். காலை வெயில் நேராக அந்த வாலில் விழுந்திருக்கிறது. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க அது ஒளியாகத்தான் ஆகிறது. ஸ்டுடியோக்காரர் சாம்பல் என்கிறார். அம்மா வெள்ளை என்கிறாள். அந்த வாலின் நிறம் இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.